வெளியில் புகைத்தாலும் விலகி நிற்போம்

"நான் வெளியில் நின்றுதானே குடிக்கிறேன், வீட்டுக்குள் இல்லையே!" சுருட்டோ, பீடியோ, சிகரட்டோ பற்றவைத்த ஆண்கள் பலரும் சொல்லும் பதில் இது. சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. வீட்டுக்குள் புகைப்பது பிழை என்று உணர்ந்து முற்றத்துக்கு வந்திருக்கிறார் என்பதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்த 'வெளி' எவ்வளவு பெரியது, அங்கே வேறு யார் இருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது ஆகிய மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே அவருடைய பதில் சரியா என்று சொல்ல முடியும். கர்ப்பிணித் தாய்மாரும் கைக்குழந்தைகளும் உள்ள இடங்களில் இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எமது 'வெளி' எவ்வளவு பெரியது?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் விவசாயக் குடும்பங்களுக்கு இடம்பெயர்வு புதியதல்ல. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி, 1990இல் மீண்டும் மூண்ட போர், 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள், 2006 - 2007 காலத்தில் வாகரையிலும் படுவான்கரையிலும் நடந்த சண்டைகள், 2011 ஜனவரி வெள்ளம் என்று ஒரே தலைமுறை பல தடவை மூட்டை கட்டியிருக்கிறது. சிலர் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். சிலர் திரும்பியும் பழைய வளவைக் காணவில்லை. மழை வெள்ளம் ஏறும் வருடங்களில் பாடசாலை மண்டபமும் கோயில் மண்டபமுமே பலருக்கு மீண்டும் வீடாகின்றன.

வயலும் வளவுமாக வாழ்ந்த காலத்தில் புகைக்க விரும்பியவர் வேலியோரத்துக்கோ, களவெட்டிப் பக்கமோ, வயல் வாடிக்கோ போய்விடுவார். அவருக்கும் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு வளவின் தூரம் இருந்தது. அந்தத் தூரம் தானாகவே குழந்தையைக் காத்தது. தறப்பாள் கொட்டில்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் அது இல்லாமற் போகிறது. அங்கே ஒருவருடைய வெளி இன்னொருவருடைய வாசல். தன் கொட்டிலில் புகை வரக்கூடாது என்று எழுந்து வெளியே வருபவர், அடுத்த கொட்டிலில் பால் குடிக்கும் பிள்ளையின் தலைமாட்டில் நின்று புகைக்கிறார். அவர் அதை அறியவும் மாட்டார். நடுவில் இருப்பது ஒரு தறப்பாள் மட்டுமே.

குழாய்க்கிணற்றடி, நிவாரண வரிசை, கிளினிக் வாசல், பஸ் தரிப்பிடம், வாவியைக் கடக்கும் பாதை ஆகியவையும் அப்படிப்பட்ட இடங்களே. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை பாதையில் ஏறியே அக்கரை போனோம். திறந்த வாவி, நல்ல காற்று என்று நினைத்துப் பாதையின் முன்பக்கம் நின்று ஒருவர் பற்றவைத்தால், பின்னால் பிள்ளையோடு நிற்கும் தாய்க்கே அந்தப் புகை முழுவதும் போய்ச் சேரும்.

புகை உடலுக்குள் என்ன செய்கிறது?

எரியும் புகையிலையில் இருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. ஒன்று புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது. மற்றது, இழுக்காத நேரத்திலும் நுனியில் இருந்து சும்மா எழுந்துகொண்டிருப்பது. பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். அதாவது, "நான் மறுபக்கம் திரும்பித்தானே ஊதுகிறேன்" என்பது போதாது. கையில் எரிவது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. யப்பானில் புகைக்காத 91,540 மனைவிமாரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1981இல் ஹிராயாமா என்ற ஆய்வாளர் ஒரு முடிவை வெளியிட்டார். கணவன் அதிகமாகப் புகைக்கும் வீடுகளில் இருந்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. பிறர் விடும் புகை வெறும் தொந்தரவு மட்டுமல்ல, நோயும் தரும் என்று உலகம் உணர அந்த ஆய்வு பெரிதும் உதவியது.

கர்ப்பிணித் தாயைப் பொறுத்தவரை இரண்டு பொருட்களை முக்கியமாக அறிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயு. எமது இரத்தம் ஒட்சிசனைப் பிடிப்பதை விட இருநூறு மடங்குக்கு மேலான பலத்தோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அது இரத்தத்தில் இடம்பிடித்த அளவுக்கு வயிற்றிலுள்ள சிசுவுக்குப் போகும் ஒட்சிசன் குறைகிறது. இரண்டாவது நிக்கொட்டின். அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் உடலுக்குள்ளும் போகிறது. அடிக்கடி பிறர் புகையைச் சுவாசிக்கும் தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூடுகிறது. 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளையைத் தேற்றி எடுப்பது எவ்வளவு பாடு என்பது மருத்துவமாதுக்கும் தெரியும், பெற்றவளுக்கும் தெரியும். போதிய சாப்பாடு இல்லாத இடம்பெயர்ந்த தாய்க்கு இது இன்னொரு பாரம்.

பிறந்த குழந்தையின் நிலையைப் பாருங்கள். வளர்ந்தவர் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 தடவை சுவாசிக்கிறார். புதிதாய்ப் பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை சுவாசிக்கிறது. அதன் சுவாசக் குழாய்களோ மிகச் சிறியவை. ஆகவே ஒரே காற்றில் இருந்தாலும், தன் உடம்பின் அளவுக்கு அது எம்மை விடக் கூடுதலான நஞ்சை உள்ளே எடுக்கிறது. புகையில் வளரும் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல், நியூமோனியா, காதில் சீழ், இழுப்பு ஆகியன அடிக்கடி வருகின்றன. நித்திரையில் திடீரென்று குழந்தை இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

"அடுப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும் இல்லாத வீடா? அதற்கு இது பெரிதா?" என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். விறகுப் புகையும் தாய்க்கும் பிள்ளைக்கும் கூடாது. அடுப்பைக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஆனால் சோறு சமைக்க அடுப்பு வேண்டும். புகையிலைப் புகை யாருடைய பசியையும் ஆற்றுவதில்லை. ஒரு புகை இருக்கிறது என்பதற்காக இன்னொன்றைச் சேர்த்தால் பிள்ளையின் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

திறந்த வெளியில் அளந்து பார்த்தவை

வெளியில் புகை கலைந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தூரத்தில் கலையும்? அமெரிக்காவின் ஸ்டான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த வெளிகளில் கருவிகளை வைத்து அளந்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். காற்று அடிக்கும் பக்கத்தில், சிகரட்டில் இருந்து இரண்டு அடிக்குள் இருப்பவர் சுவாசிக்கும் புகை, வீட்டுக்குள் இருந்து சுவாசிப்பதற்கு ஈடாக இருக்கலாம் என்று கண்டார்கள். ஆறு அடிக்கு அப்பால் அது வெகுவாகக் குறைந்தது. புகைப்பவருக்குக் காற்றுவரும் பக்கத்தில் இருந்தவரை அது ஏறக்குறையத் தொடவேயில்லை. சிகரட்டை அணைத்ததும் வெளியிலுள்ள புகை உடனே இல்லாமற் போனது. வீட்டுக்குள் என்றால் அது நெடுநேரம் தங்கியிருக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தூரமும் காற்றுமே குழந்தையைக் காக்கின்றன. இந்த இரண்டையும் பாராமல் முற்றத்துக்கு வந்ததனால் மட்டும் பயனில்லை.

அதே நாட்டில் சான் டியேகோ நகரில் நடந்து 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சிறுநீரையும் வீட்டுத் தூசியையும் சோதித்தது. பெற்றோர் வீட்டுக்குள் புகைத்த குழந்தைகளிடம் நிக்கொட்டினின் அடையாளம் மிகக் கூடுதலாக இருந்தது. வெளியில் போய்ப் புகைத்தவர்களின் குழந்தைகளிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. என்றாலும் எவரும் புகைக்காத வீட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் அது கூடுதலே. காரணம், புகை எமது சட்டையிலும் சாரத்திலும் தாடியிலும் விரல்களிலும் ஒட்டிக்கொண்டு திரும்பவும் உள்ளே வருகிறது. கடைசி இழுப்புக்குப் பிறகும் சிறிது நேரம் மூச்சோடு புகை வெளிவருகிறது. புகைத்த கையோடு பிள்ளையைத் தூக்கி மார்பில் போட்டால், அதன் மூக்கும் வாயும் அந்தச் சட்டையில்தான் அழுந்துகின்றன.

விவசாயிக்குத் தெரிந்த காற்று

காற்றைப் பற்றி விவசாயிக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. களவெட்டியில் நெல் தூற்றும்போது, பதர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தே சுளகைப் பிடிக்கிறோம். வேளாண்மைக்கு மருந்தடிக்கும்போது காற்றுக்கு எதிரே நடப்பதில்லை. அந்த அறிவைப் பீடி பற்றவைக்கும்போதும் பயன்படுத்தினால் போதும்.

வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது, புகைப்பவர் குடியிருப்பின் கிழக்கு ஓரத்துக்குப் போக வேண்டும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும்போது தென்மேற்கு ஓரத்துக்குப் போக வேண்டும். எழுவான்கரையில் பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் மாறி மாறி வருவதால், காலையில் நல்லதாக இருந்த இடம் இரவில் கூடாததாகிவிடும். சந்தேகமாக இருந்தால் கொடியில் காயும் துணியைப் பாருங்கள், அல்லது ஒரு சிட்டிகை மணலைத் தூவிப் பாருங்கள். காற்றே இல்லாத புழுக்கமான நேரத்தில் புகை நின்ற இடத்திலேயே தங்கும். அப்போது இன்னும் தூரம் போக வேண்டும்.

மரியாதை யாருக்கு?

எமது பகுதியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சிகரட் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞன் தகப்பனையோ, ஆசிரியரையோ, கோயில் ஐயரையோ, பங்குச் சுவாமியாரையோ கண்டால் அதைக் கைக்குள் மறைத்து ஒதுங்கிவிடுகிறான். எவரும் அவனைத் தண்டிப்பதில்லை. மரியாதை அவனை விலக வைக்கிறது.

ஆனால் இந்த மரியாதை இளையவரிடமிருந்து மூத்தவருக்கு மட்டுமே போகிறது. வீட்டுக்கு மூத்தவர் ஒதுங்கிப் போக வேண்டிய ஆள் எவருமில்லை. அதனால் அவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சுருட்டைப் பற்றவைக்கிறார். பிள்ளை மீது அன்பில்லாமல் அல்ல, வழக்கம் அவரைத் தடுக்கவில்லை என்பதால். பெரியவர் முன் ஒதுங்குவது போல, பிறந்த பிள்ளைக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் முன்னால் ஒதுங்குவதையும் நாம் மரியாதையாக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு எளிய நியாயம் உண்டு. நிவாரண வரிசையில் நிற்கும் கர்ப்பிணித் தாய் புகைக்காக விலகினால் அவளுடைய முறை போய்விடும். பாயில் கிடக்கும் குழந்தை எழுந்து போக முடியாது. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கோ போக வேறு இடமே இல்லை. அங்கே விலகக் கூடியவர் புகைப்பவர் ஒருவரே. ஆகவே விலக வேண்டியவரும் அவரே.

புனித பவுல் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தில் உணவு பற்றிய ஒரு பிணக்கு வருகிறது. இதை உண்ண எனக்கு உரிமை உண்டா என்பதை அவர் பெரிய கேள்வியாக எடுக்கவில்லை. நான் உண்பதால் பக்கத்திலிருக்கும் பலவீனமானவருக்குக் கேடு வருமா என்பதையே பெரிதாக எடுக்கிறார். எந்தச் சமயத்தவரும் ஏற்றுக்கொள்ளக் கூடிய நியாயம் இது.

எப்படிச் சொல்வது?

பல தாய்மார் சொல்லத் தெரியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதே வழக்கம். ஆகவே அந்த வளவில் மூத்தவர் பெரும்பாலும் அவளைப் பெற்ற தகப்பனாகவே இருப்பார். மாமனாரிடம் சொல்வதை விடத் தகப்பனிடம் சொல்வது எளிது. அதைத் துணிவோடு பயன்படுத்திக்கொள்ளலாம். குற்றம் சொல்லாமல், காற்றையும் பிள்ளையையும் காட்டிச் சொல்வது நல்லது.

தகப்பனிடம்: "அப்பா, காத்து இஞ்சால அடிக்குது, புள்ள முழிச்சிக் கிடக்கு. கொஞ்சம் அங்கால போய்க் குடிச்சிட்டு, கை கழுவிட்டு வாங்க. வந்து தூக்குங்க."

கணவனிடம்: "இஞ்ச பாருங்க, இந்த மணம் எனக்குச் சத்தி வருகுது. வயித்துப் புள்ளைக்கும் கூடாதெண்டு கிளினிக்கில சொன்னாங்க. வேலியடிக்குப் போங்க."

பஸ் தரிப்பிடத்தில் அறியாத ஒருவரிடம், பக்கத்தில் நிற்கும் ஆண் ஒருவர் சொல்வது சிறப்பு: "அண்ணன், இதில ஒரு பிள்ளைத்தாச்சி நிக்கிறாங்க. காத்து அவங்கட பக்கம் போகுது. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க." தாயே வாய்திறக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்கக் கூடாது.

கேட்டவர் கோபித்தால் வாக்குவாதம் வேண்டாம். இடம்பெயர்ந்து வேலையில்லாமல், வயலை நினைத்துக்கொண்டு இருப்பவருக்குப் பீடி ஒரு துணையாகிவிடுகிறது. அவரை வெட்கப்படுத்தினால் மறைவாகப் புகைப்பார், திருந்தமாட்டார். அவருக்கு ஒரு இடத்தைக் காட்டிக்கொடுத்தால் பெரும்பாலும் போவார்.

நாம் செய்யக் கூடியவை

1. குழந்தையோ கர்ப்பிணித் தாயோ இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது பத்துப் பாகம் தள்ளி, புகை அவர்களை விட்டு அப்பால் போகும் பக்கத்தில் நின்று புகைப்போம். வாசல், யன்னல், தறப்பாள் ஓரம் ஆகியவற்றில் நிற்க வேண்டாம்.

2. புகைத்தபின் உடனே பிள்ளையைத் தூக்க வேண்டாம். சிறிது நேரம் வெளியில் நின்று, வாய் கொப்பளித்து, கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பின் தூக்குவோம். புகைக்க என்று ஒரு பழைய சட்டையை வெளிக்கொடியில் வைத்திருக்கலாம்.

3. நடந்துகொண்டு புகைக்க வேண்டாம். தொங்கவிட்ட கையிலுள்ள நெருப்பு, நிற்கும் சிறுபிள்ளையின் முகத்துக்கு நேரே வருகிறது. யப்பானின் டோக்கியோ நகரில் சியோடா என்னும் வட்டாரம் 2002இல் வீதியில் நடந்துகொண்டு புகைப்பதைத் தடைசெய்து தண்டப்பணமும் விதித்தது.

4. பீடித் துண்டையும் சிகரட் கட்டையையும் முற்றத்தில் எறிய வேண்டாம். தவழும் பிள்ளை அதை எடுத்து வாயில் வைக்கும். அதிலுள்ள நிக்கொட்டின் பிள்ளைக்கு நஞ்சு. கிடுகுக் கொட்டிலுக்கும் வைக்கோலுக்கும் அது நெருப்பு. மணல் போட்ட ஒரு பழைய பேணியில் அணைத்துப் போடுவோம்.

5. பலர் சேர்ந்திருக்கும் முகாமிலோ மண்டபத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஆகியவை கூடி, புகைப்பவருக்கென்று காற்றுப் பார்த்து ஒரு ஓரத்தைக் குறிக்கலாம். காற்று மாறும் காலத்தில் அந்த இடத்தையும் மாற்ற வேண்டும்.

6. தண்ணீர் வரிசை, நிவாரண வரிசை, கிளினிக் வாசல் ஆகிய இடங்களில் எவரும் புகைப்பதில்லை என்று பொதுவாகத் தீர்மானிக்கலாம்.

7. பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பீடி, சிகரட் வாங்க வேண்டாம்.

8. புகையில் இருக்க நேர்ந்தது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பால் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புத் தருகிறது. புகையை நிறுத்துவதே முறை.

சட்டமும் அதற்கு அப்பாலும்

புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதும் அச்சட்டப்படி குற்றம். ஆனால் கொட்டில் வாசலுக்கும் கிணற்றடிக்கும் வேப்பமர நிழலுக்கும் சட்டம் வந்து காவல் நிற்காது. அங்கே பிள்ளையைக் காக்க வேண்டியது எமது பண்பாடுதான்.

புகைத்தலை அடியோடு விடுவதே எல்லாவற்றிலும் மேல் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தவக்காலத்தில் நாற்பது நாட்களும், கோயில் விரத நாட்களிலும் பீடியைத் தொடாமல் இருந்தவர்கள் எம்மிடையே உண்டு. இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்று அறிந்த நாள், அதற்கு ஏற்ற நாள். விட முடியாமல் தவிப்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது மருத்துவமாதிடம் ஆலோசனை கேட்கலாம்.

விடும் நாள் வரும் வரையாவது விலகி நிற்போம். நிலத்தையும் வீட்டையும் எம்மிடமிருந்து பறித்தவற்றுள் பலவற்றை எம்மால் தடுக்க முடியவில்லை. எமது பிள்ளை சுவாசிக்கும் காற்றை நல்லதாக வைத்திருக்கப் பத்துப் பாகம் நடந்தால் போதும்.